வந்தா வருது, வரலைன்னா புள்ள

2010-இல் என் மனைவி முழுகாமல் இருந்தபோது, திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியம்மா வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தார். வந்த மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் மேலே இருந்த மாத்திரை டப்பாவைக் காணோம். வீடு பூரா தேடி, கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"தாயி, வவுத்துல புள்ள இருக்கையில எந்த மாத்திரையும் திங்கப்படாது. நான் பட்டது போதும்" என்றார் என் மனைவியிடம்.

டப்பாவில் இருந்தது ஃபோலிக் ஆசிட். எந்தக் குறை வந்துவிடக் கூடாது என்று பெரியம்மா பயந்து அதை ஒளித்து வைத்தாரோ, அதே குறையைத் தடுப்பதற்கான மாத்திரை அது. இந்த விஷயம் அன்றைக்கு எனக்கும் தெரியாது. அவர் பட்டது என்ன என்று அன்று ராத்திரி மொட்டை மாடியில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றின் தொகுப்பு இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெரியம்மாவின் கதை சுருக்கமாக இது. 1979, கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயம். ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். தலைக்குக் குளித்து நாற்பது நாள் ஆகிவிட்டது. நாள் தள்ளிப் போனதா, இல்லை உடம்புக் கோளாறா என்று தெரியவில்லை. பக்கத்து ஊரில் கம்பவுண்டராக இருந்தவர் ரெண்டு மாத்திரை கொடுத்து, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு விளக்கமும்: "வந்தா வருது, வரலைன்னா புள்ள." வரவில்லை.

மாசியில், அதாவது 1980 பிப்ரவரி 16 சனிக்கிழமை, சூரிய கிரகணம். முழு கிரகணம் கர்நாடகா, ஆந்திரா பக்கம் தெரிந்தது. நம் பக்கம் பாதிதான். அந்தச் சாயங்காலம் வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓட, பெரியம்மா பின்னாலேயே ஓடியிருக்கிறார். நாலாம் மாசம். மாமியார் பார்த்துவிட்டார். ஆடிக் கடைசியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. முதுகில் கீழ்ப்பக்கம் தோல் மூடாமல் ஒரு கொப்புளம், கால் ரெண்டும் அசையவில்லை. பதினோரு நாள் இருந்தது.

குற்றம் சாட்டுவதற்கு ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கிரகணத்தில் வெளியே போனது ஒன்று. ஆடியில் பிறந்தது இன்னொன்று. ரெண்டையும் பெரியம்மா தலையில்தான் கட்டினார்கள். மாத்திரை பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்கே அது ஒரு திருட்டுத்தனம் போலத் தோன்றியிருக்கிறது. முப்பது வருஷம் கழித்து அந்த மொட்டை மாடியில்தான் முதல் தடவையாகச் சொல்கிறார்.

மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் ரெண்டு மாத்திரை, ரெண்டு நாள், "வந்தா வருது, வரலைன்னா புள்ள" என்ற இந்த விவரத்துக்கு அந்தக் காலத்தில் நன்றாகப் பொருந்தும் மருந்து ஒன்றுதான். ஹார்மோன் கர்ப்பப் பரிசோதனை மாத்திரை. நம் ஊரில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ரெண்டு பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து ஈ.பி. மருந்து என்றார்கள்.

இது ஏன் வந்தது என்று புரிய, அதற்கு முன்னால் கர்ப்பத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1920-களின் இறுதியில் பெர்லினில் செல்மார் ஆஷைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இருவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் சிறுநீரைச் சின்ன எலிகளுக்கு ஊசி போட்டு, சில நாள் கழித்து எலியை அறுத்து அதன் சினைப்பையைப் பார்ப்பது. கர்ப்பம் என்றால் சினைப்பையில் மாற்றம் தெரியும். பிறகு எலிக்குப் பதில் முயல் வந்தது. அப்புறம் தென்னாப்பிரிக்கத் தவளை. தவளையை அறுக்க வேண்டியதில்லை, ஊசி போட்டால் ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். ஆனால் இதற்கெல்லாம் லேப் வேண்டும், எலி வேண்டும், தவளை வளர்க்கத் தொட்டி வேண்டும். சாதாரண டாக்டரின் கிளினிக்கில் நடக்கிற காரியம் இல்லை.

மாத்திரை வழி வேறு மாதிரி. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுத்து நிறுத்தினால், கர்ப்பமில்லாத பெண்ணுக்குச் சில நாளில் உதிரப்போக்கு வரும். கர்ப்பமாக இருந்தால் உடம்பே அந்த ஹார்மோன்களைச் சுரந்துகொண்டிருப்பதால் வராது. ஜெர்மனியின் ஷெரிங் கம்பெனி 1950-இல் டூவோகைனான் என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்தது. அதே கம்பெனி 1950-களின் இறுதியில் பிரிட்டனில் பிரைமோடாஸ் என்ற பெயரில் விற்றது. ஒரு பாக்கெட்டில் ரெண்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம் நோரெத்திஸ்டெரோன் அசிடேட், 0.02 மில்லிகிராம் எத்தினில் எஸ்ட்ராடையால். முதலில் சொன்னது இன்றைய கருத்தடை மாத்திரை ஒன்றில் இருக்கும் அளவைப் போலப் பல மடங்கு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இது நோய்க்கான மருந்து இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஒரு தகவல் தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு பெண்ணின் உடம்புக்குள் போகும் ரசாயனம். அந்தத் தகவலையும் இன்னும் ரெண்டு மூணு வாரம் பொறுத்தால் உடம்பே சொல்லிவிடும். எங்கள் வேலையில், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் சும்மா என்ன ஆகிறது பார்க்கலாம் என்று எவனாவது ஒரு கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கே சீட்டு கிழியும். இங்கே கட்டளை போடப்படுவது, கரு இருந்தால், அந்தக் கருவின் மேல்.

தாலிடோமைடு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1957-இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்து, மசக்கை வாந்திக்கும் கொடுக்கப்பட்டு, 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைகளோடு பிறந்தார்கள். அதுவரை, தாய் சாப்பிடும் மருந்தை நஞ்சுக்கொடி வடிகட்டிவிடும் என்று டாக்டர்களே பரவலாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 1961-க்குப் பிறகு அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அப்படியிருந்தும் கர்ப்பப் பரிசோதனை மாத்திரை தொடர்ந்தது.

1967 அக்டோபரில் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர் இஸபெல் கால். ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்து வந்த டாக்டர், சர்ரே மாவட்டத்தில் கார்ஷால்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. முதுகுத்தண்டு மூடாமலோ, தலையில் நீர் கோத்தோ பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் 100 பேர், ஆரோக்கியமான குழந்தை பெற்ற தாய்மார்கள் 100 பேர், இரு தரப்பிடமும் கர்ப்பகாலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்திருக்கிறார். முதல் நூறில் 19 பேர் ஹார்மோன் பரிசோதனை மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் நூறில் 4 பேர்.

19-க்கு 4. சின்ன ஆய்வுதான். ஊனமான குழந்தையைப் பெற்ற தாய், தான் சாப்பிட்டதை எல்லாம் மறுபடி மறுபடி யோசித்து நினைவில் வைத்திருப்பாள், மற்றவள் மறந்திருப்பாள் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. நியாயமான வாதம். ஆனால் அந்த மாத்திரையை நிறுத்துவதற்கு 19-ம் 4-ம் போதாதா? நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? 1960-இலேயே ஸ்வீடனில் சிறுநீரில் எச்.சி.ஜி. ஹார்மோனைக் கண்டுபிடிக்கும் முறை வந்துவிட்டது. எலி வேண்டாம், தவளை வேண்டாம், பெண்ணின் உடம்புக்குள் எதையும் செலுத்தவும் வேண்டாம். நார்வே 1970-இல் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்த மாத்திரை கூடாது என்றது. பிரிட்டன் 1975 வரை காத்திருந்து, ஒரு எச்சரிக்கை மட்டும் விட்டது. 1978-இல்தான் கம்பெனி அங்கே விற்பனையை நிறுத்தியது.

பெரியம்மா மாத்திரை விழுங்கியது 1979 டிசம்பரில்.

இந்தியாவில் இந்த மருந்துகளுக்கு இன்னொரு உபயோகமும் ஒட்டிக்கொண்டது. பெட்டியில் போடாத உபயோகம். "நாள் தள்ளிப் போச்சு, வர வைக்க ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டவர்களுக்கு, கருவைக் கலைக்கும் மருந்து என்று நம்பி இதைக் கொடுத்தார்கள், வாங்கினார்கள். மாத்திரையாகவும் ஊசியாகவும். இத்தனைக்கும் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1971-இல் நிறைவேறி 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் டெல்லியில் இருந்தது, மாத்திரை பக்கத்து ஊரில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் யார், எந்த ஊர், புருஷன் எங்கே என்று நாலு கேள்வி வரும். மெடிக்கல் ஷாப்பில் கேள்வி கிடையாது.

கொடுமை என்னவென்றால், கர்ப்பம் தரித்திருந்தால் இது கருவைக் கலைப்பதில்லை. "வரலைன்னா புள்ள" என்ற அந்த வாக்கியத்தின் அர்த்தமே அதுதான். கலையாத கரு தொடர்ந்து வளரும், அந்த ஹார்மோன் டோஸை வாங்கிக்கொண்டு. பெரியம்மா தெரிந்துகொள்ளத்தான் சாப்பிட்டாரா, இல்லை வர வேண்டும் என்று சாப்பிட்டாரா? நான் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளோடு, மானாவாரி நிலத்தை நம்பி இருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

1982 ஜூனில் இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமிருந்து, இந்த அதிக டோஸ் ஈ.பி. மருந்துகளைத் தடை செய்யும் உத்தரவு வந்தது. கம்பெனிகள் கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்களுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. தடைக்குத் தடை. நம் நாட்டில் ஒரு மருந்தை மத்திய அரசு நேரடியாகத் தடை செய்ய வழி வகுக்கும் 26ஏ என்ற பிரிவே அந்த வருஷத்துச் சட்டத் திருத்தத்தில்தான் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டம் 1940-இல் இயற்றியது என்பதை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் லைசன்ஸ் கொடுக்கத் தெரிந்த சட்டத்துக்கு, பொதுநலனுக்காக நிறுத்து என்று சொல்ல ஒரு பிரிவு இல்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மருந்து விற்றுக்கொண்டே இருந்தது. இந்த இடத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் அமைப்புகளும், அகில இந்திய மருந்துச் செயல்பாட்டு வலைப்பின்னல் போன்ற குழுக்களும், சில டாக்டர்களும். மருந்துக்கடைக்காரர்கள் என்ன சொல்லி விற்கிறார்கள் என்று கடை கடையாகப் போய்க் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், பொது விசாரணை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. 1987-இல் மதராஸ் உட்படப் பெரிய நகரங்களில் அந்த விசாரணை நடந்தது. ஒரு மருந்தின் தலையெழுத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்பது அப்போது நம் நாட்டுக்குப் புதுசு. மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்குச் சிகிச்சையாக இது வேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடியது. அந்தச் சிகிச்சைக்கு ரெண்டு ஹார்மோனையும் தனித்தனியாகவே கொடுக்கலாமே, அதிக டோஸில் ஒரே மாத்திரையாக எதற்கு என்பது எதிர்த்தரப்பு.

1988-இல் தடை வந்தது. இன்றும் தடை செய்யப்பட்ட மருந்துகளின் அரசுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த வரி இருக்கிறது. கருத்தடை மாத்திரை நீங்கலாக, ஒரு மாத்திரையில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜனும் 3 மில்லிகிராமுக்கு மேல் புரோஜெஸ்டினும் சேர்ந்த கூட்டு மருந்துகள், அதோடு இந்த ரெண்டின் செயற்கை வடிவம் சேர்ந்த ஊசிகள் எல்லாமே. 1967-லிருந்து எண்ணினால் 21 வருஷம். பிரிட்டனில் நிறுத்தியதிலிருந்து எண்ணினால் 10.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு வந்தது இந்த மாத்திரையாலா?

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்குக் குளித்து நாற்பதாவது நாள் மார்கழிப் பிறப்பு என்றால், கரு உண்டானது நவம்பர் 19, 20 வாக்கில் இருக்கும். கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு போல இருப்பது சுருண்டு குழாயாகி மூடிக்கொள்ளும். அதுதான் பிறகு மூளையும் முதுகுத்தண்டும் ஆகிறது. இது கரு உண்டான 28-ஆம் நாள் வாக்கில் முடிந்துவிடும். பல பெண்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதே என்று சந்தேகம் வரும் நேரம் அது. பெரியம்மா கணக்கில் டிசம்பர் 17. மாத்திரை சாப்பிட்டது டிசம்பர் 15, 16 வாக்கில்.

கிரகணம் வந்தது பிப்ரவரி 16-இல். குழாய் மூட வேண்டிய நாள் கடந்து முழுசாக ரெண்டு மாசம். கன்றுக்குட்டி ஓடியதற்கு முன்பே முதுகில் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. கிரகணத்தை இந்தக் கேஸிலிருந்து விடுதலை செய்துவிடலாம். ஆடி மாசத்தையும்தான்.

மாத்திரை அப்படியில்லை, அது சரியாக விளிம்பில் நிற்கிறது. ரெண்டு நாள் முன்னே போனால் சந்தேகத்துக்குள் வருகிறது, ரெண்டு நாள் பின்னே போனால் வெளியே போகிறது. முப்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து சொன்ன தேதியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன சொல்வது? எந்த மருந்தும் சாப்பிடாத பெண்களுக்கும் நூற்றுக்கு ரெண்டு மூணு குழந்தைகள் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய நிபுணர்களே இதில் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் 2017-இல் அரசு அமைத்த நிபுணர் குழு, மாத்திரைக்கும் குறைபாட்டுக்கும் காரண காரியத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கார்ல் ஹெனகன் குழு, பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டுத் தொடர்பு இருக்கிறது என்றது. 2020 ஜூலையில் பேரனஸ் கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணை, இஸபெல் கால் எழுதிய 1967-இலேயே பிரைமோடாஸை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னது. 2023-இல் லண்டன் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கை, புதிய ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி செய்தது.

என் கட்சி கம்பர்லெஜ் கட்சி. இந்த மாத்திரை ஊனத்தை உண்டாக்கியதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போகலாம். அதைக் கொடுத்திருக்க வேண்டுமா என்பதற்கு 1967-இலேயே பதில் இருந்தது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மருந்தில் முதலில் பார்க்க வேண்டியது அவளுக்கு அது எதற்கு என்பதை. இங்கே பதில் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எதிர்ப்பக்கம் தராசில் கால் குண்டுமணி சந்தேகம் வைத்தாலும் தட்டு அந்தப் பக்கம்தான் சாய வேண்டும்.

இதே தராசை மறுபக்கம் திருப்பினால்தான் பெரியம்மா ஒளித்து வைத்த டப்பாவின் கதை வரும். அது நம் ஊர்க் கதையும்கூட.

லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1928-இல் பம்பாய் வந்தார். அங்கே மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் வற்றி இறந்துகொண்டிருந்தார்கள். இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை இல்லை, சிவப்பணுக்கள் பெரிதாக ஊதிப்போகும் வேறு வகை. காரணம் தேடி அவர் நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் வேலை செய்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், அன்று கோஷா ஆஸ்பத்திரி, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்தார். மருந்து கிடைத்தது ஒரு விசித்திரமான இடத்தில். மார்மைட் என்று பிரிட்டிஷ்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஈஸ்ட் சாறு. அதைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள் என்ன என்று அவருக்கே அப்போது தெரியாது. பத்து வருஷம் கழித்து, 1941-இல், பசலைக் கீரை வகையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்பதற்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள்.

அதற்கும் ஐம்பது வருஷம் கழித்து, 1991-இல், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய பரிசோதனையின் முடிவு வந்தது. ஏற்கெனவே முதுகுத்தண்டு மூடாத குழந்தை பெற்ற பெண்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால், அதே குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைகிறது. அதாவது அந்தக் குறை திரும்ப வரவிருந்த 100 குழந்தைகளில் சுமார் 72 தப்பிக்கின்றன, மாத்திரை சாப்பிடுவதால்.

இதிலும் அந்த 28 நாள்தான் வில்லன். இப்போது நம் அரசுத் திட்டத்தில் முதல் மூன்று மாதம் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், நான்காம் மாதத்திலிருந்து 60 மில்லிகிராம் இரும்போடு சேர்ந்த மாத்திரை 180 நாளுக்குக் கொடுக்கிறார்கள். ரத்தத்துக்கு ரொம்ப நல்லது. ஆனால் நம் பெண்கள் நர்சம்மாவிடம் போய்ப் பதிவு செய்யும்போது பெரும்பாலும் ரெண்டு மாசம் தாண்டியிருக்கும். முதுகுத்தண்டு அதற்கு முன்பே மூடியிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும். பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்த மாசமே இதைத் தொடங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இதைச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் டப்பா வந்தது ரெண்டாம் மாசம்தான்.

பெரியம்மாவின் "எந்த மாத்திரையும் திங்கப்படாது" என்பதை இன்றும் பல வீடுகளில் கேட்கிறேன். அது பாதுகாப்பானது என்ற எண்ணமும் இருக்கிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே தானாக நிறுத்துகிறாள். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. வலிப்பு மருந்துகளில் வால்புரோயேட் நிஜமாகவே மோசம், பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியில் பாதிப்பு. வேறு சில மருந்துகளில் ஆபத்து ரொம்பக் குறைவு. ஆக, செய்ய வேண்டியது நிறுத்துவது இல்லை, கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்வது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்டில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்துப் பின்தொடர்கிறார்கள். நம் தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய தகவல், நமக்குப் பக்கத்திலேயே. தைராய்டு, சர்க்கரை, டி.பி., ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை கூடாது. ஆனால் அழுத்தத்தை அப்படியே விடவும் கூடாது, மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.

மறுபக்கம், மருந்து என்றே யாரும் நினைக்காதவை. முட்டி வலிக்கு மாமியார் சாப்பிடும் டைக்ளோஃபினாக்கைத் தலைவலிக்கு மருமகள் சாப்பிடுவது. இந்த வகை வலி மாத்திரைகள் ஐந்தாம் மாசத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. முகப்பருவுக்கு விற்கும் ஐசோட்ரெடினாயின் தாலிடோமைடு ரகம், கர்ப்பத்தின் பக்கமே வரக் கூடாது. இன்டர்நெட்டில் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று மருந்துக்கு மார்க் போட்ட பட்டியல்கள் சுற்றுகின்றன, அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவே அந்த எழுத்து முறையை 2015-இல் கைவிட ஆரம்பித்துவிட்டது. எந்த மாசம், என்ன டோஸ், என்ன நோய் என்று பார்க்காமல் ஒரே எழுத்தில் அடக்க முடியாது என்பதுதான் காரணம்.

போன மாதம் எங்கள் ஏரியா மெடிக்கலில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வயசுப் பையன் ஒருவன் கூட்டம் குறையக் காத்திருந்து, "அண்ணே, நாள் தள்ளிப் போச்சு, அதுக்கு ஒரு மாத்திரை" என்று மெதுவாகக் கேட்டான். கடைக்காரர், "சீட்டு இல்லாம கெடையாது தம்பி. மொதல்ல டெஸ்ட் கிட்டு வாங்கிட்டுப் போ, அம்பது ரூவா" என்றார். 1979-இல் பெரியம்மாவிடம் ஒருத்தர் இப்படிச் சொல்லியிருந்தால் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு அந்த அம்பது ரூபாய்க் கிட்டும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

பெரியம்மாவிடம் என் கணக்கைச் சொல்லலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். மாத்திரை விளிம்பில் நிற்கிறது என்று சொல்லி, ஆறிப்போன புண்ணைக் கிளறவா? கடைசியில் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். இது கார்த்திகை, இது மார்கழி, இது மாசி. முதுகு மூடுவது இங்கே. கிரகணம் இங்கே. மாத்திரையாலா என்பதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது பெரியம்மா, இந்தத் தேதியை வைத்துச் சொல்லவே முடியாது என்றேன்.

அவர் மாத்திரை என்று எழுதியிருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. மாசியில் நான் போட்ட கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப கெரகணம் இல்லையாப்பா?"

"இல்ல பெரியம்மா."

"எங்க மாமியா செத்து இருவது வருசம் ஆச்சு" என்றார். காலண்டரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.